கோவளத்து மணலில் ஒடிந்த முன் ஷாஃப்ட்

எங்கள் பழைய வொர்க்ஷாப் ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பெரும்பாலும் காலை வணக்கமும் கல்யாணப் பத்திரிகையும்தான் வரும். போன மாதம் கார்த்தி அதில் ஒரு படம் போட்டான். எங்களிடம் மெக்கானிக்காக இருந்தவன். இப்போது மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். புதிதாக வந்திருக்கும் மின்சார வண்டி ஒன்றின் அடிப்பாகம் அது. நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. முன்னால் ஒரு மோட்டார், பின்னால் ஒரு மோட்டார், நடுவில் தட்டையாக பேட்டரிப் பெட்டி. அவ்வளவுதான்.

கீழே எழுதியிருந்தான்: "அண்ணா, இதுல ஒடியறதுக்கு ஷாஃப்ட்டே இல்ல. நீங்களும் மேடமும் கோவளத்துல போய் மாட்டின கதையை எழுதுங்க. இங்க பசங்க நம்ப மாட்டேங்கறாங்க."

எழுதலாம்தான். ஆனால் ஷாஃப்ட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மேடத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. எழுதி முடித்த பிறகு இதைக் குழுவில் போடுவேனா என்பது வேறு விஷயம்.

நான் கிழக்குத் தாம்பரத்துக்காரன். ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படித்தேன். லாரி ஷெட்டில் கொஞ்ச காலம், ஒரு பஸ் கம்பெனியில் கொஞ்ச காலம். பிறகு குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டியிருந்த வொர்க்ஷாப்பில் சேர்ந்தேன். ஓய்வு பெற்றதும் அங்கேதான். ஜீப்பும் அது மாதிரி நாலு சக்கரம் இழுக்கும் வண்டிகளும்தான் எங்களைத் தேடி வரும். முதலாளி எப்போதாவது வந்து டீ குடித்துவிட்டுப் போவார். வொர்க்ஷாப்பை நடத்தியது மேனேஜர் ஜரீனா மேடம்.

மேடத்தின் வீடு பல்லாவரத்தில். அவருடைய அப்பா அங்கே மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேரிங்கை உருட்டி விளையாடிய பெண், பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தது பெரிய ஆச்சரியமில்லை. கல்யாணமாகி, பெண் குழந்தை பிறந்து, அது பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த சமயத்தில் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். அதற்கு அடுத்த வருஷம் எங்களுக்கு மேனேஜராக வந்தார். எனக்கு அப்போது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. தங்கைகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பி முடித்து நிமிர்ந்தபோது யாரும் எனக்காகப் பெண் பார்க்கும் நிலையில் இல்லை.

மேடம் வேலை வாங்கும் விதமே தனி. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. யாராவது தப்பாக மாட்டியிருந்தால், "இன்னொரு தடவை பாருங்களேன்" என்பார். அதற்குமேல் கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தால் ஷெட் முழுக்க ஸ்பானர் சத்தம் நின்றுவிடும்.

கழற்றிய பழைய பாகம் எதையும் குப்பையில் போட விடமாட்டார். செய்தித்தாள் விரித்து மேஜைமேல் வைக்க வேண்டும். வண்டிக்காரர் வந்ததும், "கையில வாங்கிப் பாருங்க சார்" என்று கொடுப்பார். ஒருமுறை ஒருவர், சும்மா பில் போடுவதற்காக பேரிங்கை மாற்றிவிட்டோம் என்று கத்திக்கொண்டு வந்தார். மேடம் கிரீஸோடு அந்தப் பழைய பேரிங்கை அவர் உள்ளங்கையில் வைத்து, "சுத்துங்க" என்றார். அது கரகரவென்று மணல் அரைக்கிற மாதிரி சுற்றியது. மனிதர் கை கழுவ சோப்பு கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

வண்டி தயாரானதும் ஓட்டிப் பார்ப்பது நானும் அவரும்தான். நான் ஓட்டுவேன். மேடம் பக்கத்து சீட்டில் துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு கையை டேஷ்போர்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பல்லாவரம் தாண்டித் திரும்பி வருவதற்குள் இரண்டு மூன்று வார்த்தைதான் பேசுவார். "கியரை மாத்தாதீங்க. அப்படியே விடுங்க." பிறகு கொஞ்ச தூரம் போய், "சரி, நல்லா இருக்கு." அந்த வார்த்தைக்காக நான் வேண்டுமென்றே சுற்றிப்போன நாட்கள் உண்டு. அவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. ஒருநாளும் நேர்வழியில் போகச் சொன்னதில்லை.

அவர்மேல் எனக்கு ஆசை இருந்ததா என்று கேட்டால், இருந்தது. அதை மறைத்து எழுதினால் இந்தக் கதை வெறும் நட்டு போல்ட் கதையாகிவிடும்.

கோவளம் விஷயத்துக்கு வருகிறேன்.

புயல் வரப்போகிறது என்று இரண்டு நாளாக டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்று காலையில் குரோம்பேட்டையில் தூறல்தான். காற்று மட்டும் ஒரு மாதிரி விட்டுவிட்டு அடித்தது. பத்து மணி வாக்கில் வொர்க்ஷாப் போன் அடித்தது. நான்தான் எடுத்தேன். கோவளத்துக்குச் சற்று வடக்கே இருக்கும் ஒரு மீனவர் குப்பத்திலிருந்து ஏழுமலை பேசினான். அந்தக் குப்பத்துக்கு ஒரு பழைய ஜீப் பொதுவில் உண்டு. படகுகளைக் கயிறு கட்டி மணல்மேட்டுக்கு இழுத்து ஏற்றுவதற்கென்று வாங்கியது. அவன்தான் அதன் டிரைவர்.

"அண்ணே, வண்டிக்குக் கீய இன்னாவோ டமார்னு ஒட்ச்சிருச்சிண்ணே. முன்சக்கரம் இய்க்க மாட்டேங்குது. பின்னாடி சக்கரம் மட்டும் சுத்திகினு மண்ண நோண்டுது. பாதி படகுங்க இன்னும் கீய கீது. கடலு ஏறிகினு வருது."

"கீழ எட்டிப் பாத்தியா?"

"பாத்தேண்ணே. முன்னாடி போற பைப்பு ஒருபக்கம் தொங்குது."

முன் ஷாஃப்ட். கியர் பெட்டியிலிருந்து முன்சக்கரங்களுக்கு இழுவையைக் கொண்டுபோகிற, முழங்கை கனத்துக்கு ஒரு பைப். அதன் இரண்டு முனையிலும் கூட்டல் குறி வடிவத்தில் ஓர் இரும்புத் துண்டு, கிராஸ் என்போம், இருக்கும். சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது ஷாஃப்ட் வளைந்து கொடுப்பது அதனால்தான். கிராஸ் உடைந்தால் ஷாஃப்ட் தொங்கும். தார் ரோடாக இருந்தால் அதைக் கழற்றி வண்டிக்குள் போட்டுவிட்டு பின்சக்கரத்தாலேயே ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். மணலில், படகைக் கட்டிக்கொண்டு, அது நடக்காது.

மேடத்திடம் சொன்னேன். போனை வாங்கி ஏழுமலையிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பைப் முறுக்கியிருக்கா, நேரா இருக்கா?"

"முறுக்கினு கீது மேடம். அதோட காதும் பிஞ்சிருக்கு."

கிராஸைப் பிடிக்கிற காதே பிய்ந்திருந்தால் கிராஸை மட்டும் மாற்றிப் பயனில்லை. முழு ஷாஃப்ட் வேண்டும். புயல் அன்று எந்தக் கடை திறந்திருக்கும்? மேடம் ஷெட்டின் கோடியைப் பார்த்தார். அங்கே காட்டாங்குளத்தூரில் கல்லூரியில் வேலை பார்க்கும் ஒருவருடைய ஜீப் இன்ஜின் இல்லாமல் நின்றிருந்தது. இன்ஜின் வெளியே வேலைக்குப் போயிருந்தது. மேடம் அவருக்கு போன் செய்தார். விஷயத்தைச் சொல்லி, "உங்க ஷாஃப்ட்டை இன்னைக்கு ஒருநாள் கடன் கேக்குறேன் சார். கெட்டுப்போனா புதுசு மாட்டித் தருவேன்" என்றார். அந்த மனிதர் யோசிக்கவே இல்லை போலிருக்கிறது. மேடம் போனை வைக்கும்போதே நான் அந்த ஜீப்பின் அடியில் படுத்துவிட்டேன்.

கழற்றி அளந்தால் ஒரு சிக்கல். போல்ட் ஓட்டைகள் சரியாக இருந்தன. நீளம்தான் குறைவு. இந்த ஷாஃப்ட் ஒரே பைப் அல்ல. பல் வெட்டிய ஒரு தண்டு இன்னொரு பைப்புக்குள் நுழைந்து, தேவைக்கு நீண்டு குறுகும். நீளம் குறைந்தால் அந்தத் தண்டை நிறைய வெளியே இழுத்து மாட்ட வேண்டிவரும். உள்ளே பிடித்துக்கொண்டிருக்கும் பல் கொஞ்சம்தான். வண்டி ஒரு குதி குதித்தால் உருவிக்கொள்ளும். சுற்றுகிற இரும்புப் பைப் உருவிக்கொண்டால் அது எங்கே அடிக்கும் என்று சொல்ல முடியாது. டிரைவரின் கால் இருப்பது அதற்கு நேர் மேலே.

"குதிக்காம ஓட்டினா தாங்கும் மேடம்" என்றேன்.

"ஏழுமலை அப்படி ஓட்டுவானா?"

"நான் ஓட்டறேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கப்போகிறார் என்று நினைத்தேன். பையில் வைத்துக்கொண்டு, "நானும் வர்றேன்" என்றார்.

வொர்க்ஷாப் வேனில் வண்டலூர் போய், கேளம்பாக்கம் ரோட்டில் திரும்பினோம். காற்று வேனைப் பக்கவாட்டில் தள்ளியது. சாலையில் முருங்கைக் கிளைகள் கிடந்தன. மேடம் போனில் மகள் நஸ்ரினிடம் பேசினார். "பெரியம்மா வீட்டுக்குப் போயிடு. மாடியில துணி கிடக்கு, எடுத்து வச்சிடு." புயலுக்குள் போகிறோம் என்று சொல்லவில்லை.

கடற்கரையில் நாங்கள் பார்த்தது இதுதான். ஜீப் கரையைப் பார்த்து நிற்கிறது. பின்சக்கரம் அச்சு வரைக்கும் புதைந்திருக்கிறது. அதன் பின்னால் கட்டிய கயிற்றின் முனையில் ஒரு ஃபைபர் படகு. அதற்கும் பின்னால் ஏழெட்டுப் படகுகள் அலையில் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருக்கின்றன. ஆண்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். கடைசிப் படகின் கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு ஓர் அம்மா நின்றிருந்தாள். மீன் விற்கும் அஞ்சலை அக்கா. அந்தப் படகு அவளுடையது. மகன் வாங்கிக் கொடுத்துவிட்டு, கட்டட வேலைக்கு வெளிநாடு போயிருந்தான்.

ஜீப்புக்கு அடியில் போக இடமே இல்லை. பெண்கள் அன்னக்கூடையைக் கொண்டுவந்து மண்ணை அள்ளிக் கொட்டினார்கள். சக்கரத்துக்கு அடியில் பலகைகளைச் சொருகினோம். நான் மல்லாக்கப் படுத்து உள்ளே நகர்ந்தேன். முதுகுக்குக் கீழே மணல் ஈரமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீரே வந்து வந்து போக ஆரம்பித்தது.

உடைந்த ஷாஃப்ட்டின் கியர் பெட்டிப் பக்க போல்ட்டுகள் எளிதாக வந்துவிட்டன. முன்சக்கரப் பக்கம் உப்புக்காற்று தின்று நட்டுகளின் முனை மழுங்கிப்போயிருந்தது. ஸ்பானர் வழுக்கியது. மண்ணெண்ணெய் ஊற்றினேன், அலை வந்து கழுவிக்கொண்டு போனது. கடைசியில் உளியை வைத்து நட்டையே பிளக்க வேண்டியதாயிற்று. படுத்தபடி சுத்தியலை ஓங்க முடியாது. ஒரு சாண் தூரத்திலிருந்து தட்டித் தட்டித்தான் பிளந்தேன். விரல் முட்டியில் இரண்டு மூன்று அடி விழுந்தது. பழைய ஷாஃப்ட் விழுந்ததும் ஏழுமலை அதை இழுத்து வெளியே போட்டான்.

கடன் வாங்கிய ஷாஃப்ட்டைத் தூக்கி வைத்து மாட்டும்போது மேடத்தின் குரல் கேட்டது. "ரெண்டு காதும் ஒரே நேரா இருக்கா?"

ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் கிராஸைப் பிடிக்கிற காதுகள் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். பல்லில் ஒன்று தவறி நுழைத்தாலும் சுற்றும்போது உதறும். மற்ற நாளில் உதறினால் திரும்பக் கழற்றலாம். அன்று உதறினால் உருவிக்கொள்ளும்.

"பாத்துட்டேன் மேடம்."

"நானும் பாக்குறேன்."

அடுத்த நிமிஷம் அவர் எனக்குப் பக்கத்தில் இருந்தார். சல்வாரோடு ஈர மணலில் மல்லாக்கப் படுத்து, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு உள்ளே நகர்ந்து வந்துவிட்டார். மேலே இரும்பு, கீழே தண்ணீர். இரண்டு பேர் முகத்துக்கும் நடுவில் அந்த ஷாஃப்ட் மட்டும்தான். டார்ச்சைக் கையில் எடுத்து ஒரு முனையைப் பார்த்தார், மறுமுனையைப் பார்த்தார். விரலால் காதைத் தொட்டுப் பார்த்தார். "சரியா இருக்கு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "கையில ரத்தம் வருதே" என்றார்.

"பரவாயில்ல."

"பரவாயில்லன்னு நீங்க சொல்லாதீங்க. எனக்குப் பரவாயில்லையான்னு நான்தானே சொல்லணும்."

புயல் காற்றிலும் அதை மெதுவாகத்தான் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வெளியே ஏழுமலை, "அண்ணே, அலை ஏறுது, சீக்கிரம்!" என்று கத்தினான். மேடம் ஸ்பானரை எடுத்து என் கையில் வைத்துவிட்டு நகர்ந்து வெளியே போய்விட்டார்.

நான் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தேன். நாலு சக்கரத்துக்கும் இழுவையைக் கொடுத்து, இருப்பதிலேயே குறைந்த கியரில் போட்டேன். மேடம் ஜீப்பின் முன் மட்கார்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கூடவே நடந்தார். காற்றில் எந்தச் சத்தமும் காதில் விழாது. கையால்தான் கேட்க வேண்டும். "நான் கையைத் தூக்கினா நிறுத்திடணும். ஏன்னு கேக்கக் கூடாது" என்றார். ஜீப் நத்தை மாதிரி நகர்ந்தது. முதல் படகு ஏறியது. கயிற்றை அவிழ்த்து, இறங்கி வந்து, அடுத்தது. ஏழுமலை ஒவ்வொரு முறையும் ஓடிவந்து, "ஒரு ஜெர்க் குடுண்ணே, சட்டுனு வந்துரும்!" என்பான். மேடம் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மழை அவர் முகத்தில் அறைந்துகொண்டிருந்தது. கை மட்கார்டை விட்டு எடுக்கவே இல்லை.

அஞ்சலை அக்காவின் படகு ஒன்றுதான் பாக்கி. கட்டினோம். பாதி மேடு ஏறியிருக்கும். மேடம் கையைத் தூக்கினார். நிறுத்தினேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. அவர் குனிந்து பார்த்துவிட்டு வந்து, "உருவ ஆரம்பிச்சிருச்சு. இதுக்கு மேல நகராது" என்றார்.

"என்னா மேடம் இப்டி சொல்ற?" அஞ்சலை அக்கா கயிற்றை விடாமல் கத்தினாள். "எல்லாத்தையும் இஸ்த்துட்டு என்னுதுக்கு மட்டும் இல்லன்றியே! என் புள்ள ஒயச்ச காசு மேடம் அது!"

"இன்னும் இய்த்தா இவர் காலு போயிடும் அக்கா."

அவர்களுடைய பேச்சிலேயே சொன்னார். அஞ்சலை அக்கா என் காலைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு அழுதாள்.

மேடம் கண்ணாடி இல்லாத கண்ணை இடுக்கிக்கொண்டு படகைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார். "வண்டி நகர வேணாம். நின்னா போதும்" என்றார். "கயித்தை வண்டியோட பின்கொக்கியில ஒரு சுத்து சுத்துங்க. எல்லாரும் இழுங்க. ஒரு அடி வந்தா ஒரு அடிய அப்படியே இறுக்கிடுங்க. பின்னாடி போகாது."

ஜீப்பை முளைக்குச்சியாக்கிவிட்டார். நான் பிரேக்கை இரண்டு காலாலும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குப்பம் முழுக்கக் கயிற்றைப் பிடித்தது. ஏலேலோ போட்டு இழுத்தார்கள். அந்த வரிசையில் அஞ்சலை அக்காவுக்கு அடுத்து மேடம் நின்று இழுத்ததை வண்டியின் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். அலை வந்து முட்டும்போது படகு இலேசாகும். அந்த நேரத்தில் ஒரு இழு. அலை திரும்பும்போது இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. படகின் அடி ஒரு பக்கம் விரிசல் விட்டிருந்தது. ஆனால் மேலே வந்துவிட்டது.

திரும்பும்போது கேளம்பாக்கத்தில் பாதி ஷட்டர் போட்ட டீக்கடை ஒன்று இருந்தது. வேனுக்குள்ளேயே உட்கார்ந்து குடித்தோம். மேடத்தின் உள்ளங்கைகளில் கயிறு உரித்திருந்தது. டம்ளரைப் பிடிக்க முடியாமல் துப்பட்டா நுனியைச் சுற்றிப் பிடித்திருந்தார். ஜீப்புக்கு அடியில் விட்ட இடத்திலிருந்து பேசலாம் என்று எனக்குத் தோன்றியது. அவரும் அதற்காகக் காத்திருந்தாரோ என்னவோ, டீ ஆறியும் கொஞ்ச நேரம் குடிக்கவில்லை.

பிறகு, "புயல் போனதும் அந்த ஷாஃப்ட்டை நாமளே வந்து கழட்டணும். காட்டாங்குளத்தூர் சாருக்கு ரெண்டு கிராஸும் புதுசா போட்டுத்தான் மாட்டணும்" என்றார்.

"சரி மேடம்" என்றேன்.

அப்படியே போயிற்று காலம். சண்டை சச்சரவு எதுவும் நடக்கவில்லை. அவருக்கு வளர்கிற மகள், பல்லாவரத்தில் நாலு தெரு தள்ளித் தள்ளிச் சொந்தக்காரர்கள். எனக்குப் படுக்கையில் கிடந்த அம்மா. இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் எத்தனை வீடு அதைப் பேசியிருக்கும் என்று இருவருக்கும் தெரியும். ஆனால் தினமும் ஏதாவது ஒரு வண்டி தயாராகும். நான் ஓட்டுவேன், அவர் கண்ணை மூடிக்கொள்வார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு எதற்காக ஏங்குகிறாய் என்று யாராவது கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. பல்லாவரம் போய்த் திரும்புகிற அந்தச் சின்ன நேரத்துக்குத்தான்.

நஸ்ரின் கல்யாணமாகி மலேசியா போனாள். பேத்தி பிறந்ததும் மேடமும் அங்கே போய்விட்டார். கடைசி நாளில் ஒவ்வொருவருக்கும் கைகூப்பிக்கொண்டே வந்தவர், என்னிடம் வந்ததும், "உடம்பைப் பாத்துக்கங்க தனசேகர்" என்றார். அடுத்த வருஷம் எனக்கும் ஓய்வு. இப்போது பெருங்களத்தூரில் தங்கை வீட்டு மாடியில் இருக்கிறேன். பெருநாளுக்கு அவரிடமிருந்து ஒரு செய்தி வரும். பொங்கலுக்கு நான் ஒன்று போடுவேன். அதற்கு மேல் இருந்ததில்லை.

போன வாரம், கார்த்தி சொன்னதற்காக இதில் பாதியை எழுதி வைத்திருந்தபோது, நாளும் கிழமையும் இல்லாமல் மேடத்திடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. "மருமகன் கார் திரும்பும்போது முன்பக்கம் ஒரு சத்தம் வருது. கேட்டுச் சொல்லுங்க" என்று இரண்டு வரி. பிறகு வெறும் கார் ஓடுகிற சத்தம். வளைவு வரும்போது டொக், டொக், டொக். நடுவில் பேத்தி ஏதோ கேட்கிறது. மேடம், "உஷ், பாட்டி வேலையா இருக்கேன்" என்கிறார். நேராக ஓடும்போது சத்தம் இல்லை. மறுபடி வளைவு. டொக், டொக்.

இரண்டாவது டொக்கிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் பதிவை முடிவு வரை கேட்டேன். பிறகு நானும் பேசி அனுப்பினேன். "முன்சக்கரத்துக்குப் போற தண்டுல வெளிப்பக்க ஜாயின்ட் போயிருக்கு மேடம். ரப்பர் உறை கிழிஞ்சு மண்ணு போயிருக்கும். தள்ளிப் போடாதீங்க, மாத்திடச் சொல்லுங்க. அதுவரைக்கும் அந்த வண்டியில குழந்தையைக் கூட்டிட்டுப் போக வேண்டாம்."

நீல நிறத்தில் இரண்டு டிக் வந்தது. பதில் வர நேரமாயிற்று. எழுத்தில்தான் வந்தது.

"தெரியும். உங்க வாயால கேக்கணும்னு இருந்துச்சு."

அதற்கு நான் இன்னும் பதில் போடவில்லை. தினமும் போனை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன்.